கூடாரமும் குறுக்குச் சுவரும்

திருவில்லிபுத்தூர் என்றதும் ஆண்டாள் திருக்கோயிலின் நெடிய கோபுரம் நம் கண்முன் நிற்கும். இராசபாளையம் என்றதும் பஞ்சாலைகளும் மாந்தோப்புகளும் நினைவுக்கு வரும். ஆனால் இவ்விரு ஊர்களையும் சூழ்ந்த சிற்றூர்களுக்கு நற்செய்தி எவ்வழியாக வந்தது என்று கேட்டால் நம்மில் பலர் விடை தெரியாது விழிப்போம். கோயில்களின் வரலாறு கல்வெட்டில் இருக்கிறது. கால்நடையாய் வந்தவர்களின் வரலாறு புழுதியோடு போய்விட்டது.

1854-ஆம் ஆண்டு இப்பகுதி திருநெல்வேலி மாவட்டத்தின் வடபால் அமைந்திருந்தது. தெற்கே பாளையங்கோட்டையைச் சுற்றிக் கிறிஸ்தவச் சபைகள் தழைத்திருந்த வேளையில், இங்கே மலையடிவாரம் முதல் கரிசல் காடு வரை ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஊர்களில் நற்செய்தியைக் கேட்டவர் மிகச் சிலரே. அவர்களைத் தேடி வந்தவர் தாமஸ் ராக்லண்ட். அவர் கத்தோலிக்கர் அல்லர்; ஆங்கிலத் திருச்சபையின் குரு. கேம்பிரிட்ஜில் கணிதம் பயின்று, ஒரு கல்லூரியின் உறுப்பினராய் மதிப்புடன் வாழ்ந்தவர். சென்னையில் தம் சங்கத்தின் செயலாளராக இருந்த அவர், அப்பொறுப்பைத் துறந்து, டேவிட் ஃபென், ராபர்ட் மெடோஸ் என்னும் இரு தோழர்களுடன் இவ்வட்டாரத்தில் கூடாரம் அடித்தார்.

அவர் முதலில் பங்களா கட்டவில்லை, பள்ளியும் எழுப்பவில்லை. ஓர் ஊருக்கு வெளியே மரநிழலில் கூடாரம். அங்கிருந்து விடியலிலும் மாலையிலும் அண்டை ஊர்களுக்கு நடை. சில நாள் கழித்துக் கூடாரம் அடுத்த இடத்திற்கு நகரும். இப்படி நான்கு ஆண்டுகள். நுரையீரல் நோயால் நலிந்திருந்த அவர் 1858 அக்டோபர் 22-இல் சிவகாசியில் இறந்தபோது வயது 43. அந்நான்கு ஆண்டுகளின் அறுவடை மிகச் சிறிது. கோதுமை மணி மண்ணில் விழுந்து மடிய வேண்டும் என்ற ஆண்டவரின் சொல்லையே அவர் தம் பணியின் இலக்கணமாகக் கொண்டிருந்தார்.

நாம் இங்கே சிறப்பாக நோக்க வேண்டியது ஒன்று உண்டு. ராக்லண்டின் கூடாரத்தில் தமிழ் உபதேசியார்களும் இருந்தனர். தென்பகுதிச் சபைகள் தம்மிடையேயிருந்து அவர்களைத் தெரிந்து, முறை வைத்து, ஒவ்வொரு தவணையும் ஒரு மாதமென வடக்கே அனுப்பின. செலவையும் அச்சபைகளே ஏற்றன. பனையேறிப் பிழைத்த எளிய மக்களின் காணிக்கை, தாம் காணாத ஊர்களுக்காகச் செலவிடப்பட்டது.

இது நம் மரபுக்குப் புதியதன்று. 1606-இல் தத்துவ போதகர் மதுரையில் தொடங்கிய மறைப்பணி, வீரமாமுனிவர் பணியாற்றிய காமநாயக்கன்பட்டி வரை பரவியபோது, பரந்த நிலப்பரப்பில் குருக்கள் ஒரு கைவிரல்களுக்குள் அடங்குவர். குருவானவர் ஊருக்கு வருவதே அரிது. மற்ற நாட்களில் செபம் சொல்லிக் கொடுத்தவரும், சாகும் தறுவாயிலிருந்த குழந்தைக்குத் திருமுழுக்கு அளித்தவரும் உபதேசியாரே. 1773-இல் இயேசு சபை கலைக்கப்பட்டு, 1837-இல் அச்சபையினர் மதுரைப் பணித்தளத்துக்குத் திரும்பும் வரை நம் முன்னோரின் விசுவாசம் அணையாதிருந்ததில் அவர்களுக்குப் பெரும் பங்குண்டு.

கட்டடமா, கால்நடையா என்ற இதே வினா, ஒரு நூற்றாண்டுக்குப் பின் ஆப்பிரிக்காவிலும் எழுந்தது. தான்சானியாவின் வடக்கே, லோலியோண்டோ என்னும் இடத்தில் மாசாய் மக்களிடையே தூய ஆவியார் சபைக்கு ஒரு பணித்தளம் இருந்தது. அங்கே பள்ளிகள் உண்டு, மருத்துவமனை உண்டு. ஆனால் ஏழு ஆண்டுகளுக்குப் பின்னும் விசுவாச வாழ்வு நடத்தும் வயதுவந்த மாசாய் ஒருவரும் இல்லை. 1966-இல் அச்சபையின் அமெரிக்கக் குரு வின்சென்ட் டோனவன் தம் ஆயருக்கு இதை எழுதி, எல்லாவற்றையும் விட்டு மக்களின் குடியிருப்புகளுக்கே சென்று கடவுளைப் பற்றி மட்டும் பேச அனுமதி வேண்டினார். அனுமதி கிடைத்தது.

ஏறத்தாழ ஓராண்டு கற்பித்தபின் ஒரு குடியிருப்பில் திருமுழுக்குக்கு ஆள் தெரியும் நேரம் வந்தது. மாடு மேய்க்கப் போனதால் பல வகுப்புகளைத் தவறவிட்ட கிழவர், பாடம் மண்டையில் ஏறாதவர் எனச் சிலரை ஒதுக்கிவைக்க டோனவன் எண்ணினார். ஊர்ப் பெரியவர் மறித்தார். சோம்பியிருந்தோர்க்குச் சுறுசுறுப்பானவர் துணை நின்றனர், அறிவு குறைந்தோர்க்கு அறிந்தோர் துணை நின்றனர், எங்களைப் பிரிக்காதீர்கள், விசுவசிப்பது நாங்கள் அனைவருமே என்பது அவர் வாதம். குருவானவர் பணிந்தார். அனைவரும் திருமுழுக்குப் பெற்றனர். இதையெல்லாம் டோனவன் 1978-இல் நூலாக எழுதினார்.

மந்தை மேய்க்கும் அந்தப் பெரியவரின் வாதத்தை நம் மண்ணில் வைத்துப் பார்ப்போம். தென்கோடியில் வடக்கன்குளம் என்னும் ஊர். அங்கேதான் 1745-இல் தேவசகாயம் திருமுழுக்குப் பெற்றார். 1752-இல் உயிர் ஈந்த அவர், 2022-இல் இந்தியப் பொதுநிலையினருள் முதல் புனிதராக உயர்த்தப்பட்டார். சாதி பாராமல் எல்லாரோடும் கலந்து பழகியது அவர்மேல் மூண்ட பகைக்கு ஒரு காரணம். அதே வடக்கன்குளத்தில் 1872-இல் எழுந்த கோயில், சாதி வேற்றுமைக்கு இடம் தந்து, ஒரே பீடத்தின் முன் இரு கூடங்களாகக் கட்டப்பட்டது. நடுவே தடுப்பு. 1910-இல் தடுப்பு அகற்றப்பட்டபோது சிலர் நீதிமன்றம் ஏறினர். சென்னை உயர்நீதிமன்றம் வரை சென்றும் அவர்கள் வெல்லவில்லை.

நாங்கள் அனைவருமே விசுவசிக்கிறோம் என்று மாசாய் ஊர் ஓராண்டில் சொல்லிவிட்டது. நாம் நானூறு ஆண்டு விசுவாசத்தின் வாரிசுகள். கூடாரம் அடித்தவர்கள் போய்விட்டார்கள். அவர்கள் நடந்த பாதைகள் தார்ச்சாலைகளாகிவிட்டன. வடக்கன்குளத்துத் தடுப்பை இடிக்க ஒரு குருவால் முடிந்தது. கல்லறைத் தோட்டத்திலும், தேர் செல்லும் தெருவிலும், பெண் கொடுத்துப் பெண் எடுக்கும் பேச்சிலும் இன்னும் நிற்கும் சுவர்களை எந்தக் குருவாலும் தனியே இடிக்க இயலாது. முன்பின் அறியாத ஊர்களுக்காக ஒரு மாதத்தைக் கொடுத்த அந்த உபதேசியார்களைப் போல, அதற்குப் புறப்பட வேண்டியவர்கள் பொதுநிலையினராகிய நாமே. இம்முறை நெடுந்தொலைவு நடக்க வேண்டியதில்லை. அடுத்த தெரு வரை போனால் போதும்.