முகவரிப் பஞ்சமும் முடக்கப்பட்ட ஆறாம் பதிப்பும்

2000களின் பிற்பகுதியில் லினக்ஸை நிறுவியவர்கள் பலர் அடுத்த காரியமாகச் செய்தது, ஐபிவி6 எனும் புதிய இணைய நெறிமுறையை முடக்கியதே. பதுளையில் எனது மேசைக் கணினியிலும் அதுவே நடந்தது. ஒரு பக்கத்தைக் கேட்டால் சில விநாடிகள் அசைவற்று நிற்கும்; பின்னர் மளமளவென்று விரியும்.

காரணம் விந்தையானது. தளத்தின் பெயரைக் கொடுத்ததும் லினக்ஸ் அதன் பழைய முகவரியையும் புதிய முகவரியையும் விசாரிக்கும். மலிவான ரவுட்டர்கள் சிலவற்றுக்குப் புதிய முகவரி பற்றிய கேள்வியே விளங்காது. 'இல்லை' என்று சொன்னாலும் வம்பில்லை. அவையோ வாய் திறவா. லினக்ஸ் வழக்கமாக ஐந்து விநாடி காத்திருந்து மறுபடி கேட்கும். இத்தகைய கோளாறுகளை விவரித்து 2005 மே மாதத்திலேயே ஆர்எப்சி 4074 என்ற ஆவணம் வெளிவந்திருந்தது. பயனர்கள் கண்ட வைத்தியமோ கேள்வியையே நிறுத்திவிடுவது: அமைப்புக் கோப்பிலே ஒரு வரி, பின்னர் கணினியை மீளத் தொடக்குதல்.

பழியை லினக்ஸின்மீது சுமத்துவது நியாயமன்று. 1981 செப்டெம்பரில் வகுக்கப்பட்ட நான்காம் பதிப்பில் முகவரிக்கு 32 பிட்டுகள். மொத்தம் ஏறத்தாழ 430 கோடி முகவரிகள். அவை போதா என்று கண்டு, 1995 டிசெம்பரில் 128 பிட்டுகளுடன் ஆறாம் பதிப்பை வெளியிட்டனர். 1996இலேயே லினக்ஸின் கருவில் அதற்கான நிரல் சேர்ந்துவிட்டது. முந்தி ஓடியவன் தடுக்கி விழுந்த கதைதான்.

அதற்கிடையே 1994இல் 'நாட்' என்ற ஓர் ஒட்டுவேலை வந்தது. வெளியுலகுக்கு ஒரே முகவரி, அதன் பின்னால் பல கணினிகள். ஊவாத் தோட்டப்புறத்தவருக்கு இதை விளக்க உவமை தேடி அலைய வேண்டியதில்லை. லயக் காம்பிராக்களுக்குத் தனி முகவரி இல்லாத நிலை தலைமுறைகளாக நீடித்தது. தோட்டத்தின் பெயரும் டிவிசனுமே முகவரி. கடிதம் தோட்டக் காரியாலயத்துக்கு வரும். அங்கிருந்து யார் கைக்கு எப்போது போய்ச் சேரும் என்பது வேறு கதை. நேர்முகப் பரீட்சை முடிந்த பின்னர் அழைப்புக் கடிதம் கிடைத்தவர்களைப் பற்றி நான் செய்தி எழுதியதுண்டு. 1948ஆம் ஆண்டுச் சட்டம் இம்மக்களை நாடற்றவர்களாக்கிற்று. 2003ஆம் ஆண்டுச் சட்டம் எஞ்சியோருக்குப் பிரஜாவுரிமை தந்தது. வீட்டிலக்கம் அச்சட்டத்தோடு வரவில்லை.

உபுண்டு இறுவட்டுகளைக் கனோனிக்கல் நிறுவனம் 2011 வரை தபாலில் இலவசமாக அனுப்பியது. தோட்ட இளைஞர் ஒருவர் அவற்றைப் பதுளை நகரக் கடையொன்றின் முகவரிக்கே வரவழைத்துக்கொண்டார். ஒவ்வொரு கருவிக்கும் தனி முகவரி தரவென்று வந்த நெறிமுறையை என் கணினியில் முடக்கித் தந்தவரும் அவரே!

2011 பெப்ரவரி 3ஆம் திகதி நான்காம் பதிப்பின் உலக இருப்பு பகிர்ந்து முடிந்தது. 2012 ஜூன் 6 முதல் பெருந்தளங்கள் பல ஆறாம் பதிப்பை நிரந்தரமாகத் திறந்துவைத்தன. அவ்வாண்டு ஏப்ரலில் வெளியான 'ஹேப்பி ஐபால்ஸ்' என்ற முறை, ஒரு பாதை தாமதித்தால் காத்து நிற்காமல் மற்றதையும் முயன்று, முந்திக் கிடைப்பதை ஏற்றது. 2017இல் அது திருத்தப்பட்டபோது பெயர் விசாரணையும் அதற்குள் அடங்கியது. புதிய முகவரிக்காகக் காத்திருக்கப் பரிந்துரைக்கப்பட்ட நேரம் 50 மில்லி விநாடிகள் மாத்திரமே.

உங்கள் லினக்ஸ் கணினியில் அந்தப் பழைய வரி இன்னும் கிடந்தால் அழித்துவிடலாம். மீண்டும் தாமதித்தால், மாற்ற வேண்டியது ரவுட்டரை.