போல்ட்டில் நின்ற கார்

ஸ்டாண்டர்டு ஹெரால்டின் கூரையைக் கழற்ற வெல்டிங் செட் தேவையில்லை, ஸ்பேனர் போதும். தாம்பரத்தில் பட்டறை நடத்தும் எனக்கு இதனாலேயே அந்தக் கார் மேல் தனி மரியாதை. பாடியின் முன்பாதி தனி, பின்பாதி தனி. பானெட் இரண்டு மட்கார்டுகளோடும் சேர்ந்து முன்னால் சாயும். டயர் மேல் உட்கார்ந்தபடியே எஞ்சின் வேலை பார்க்கலாம். எல்லாவற்றையும் எடுத்த பிறகும் சேசிஸ் தன் சக்கரங்களில் நிற்கும்.

இங்கிலாந்தின் ஸ்டாண்டர்டு கம்பெனிக்கு பாடி செய்து கொடுத்த ஃபிஷர் அண்ட் லட்லோவை 1953-ல் போட்டிக் கம்பெனியான பிஎம்சி வாங்கிவிட்டது. அதனால் மற்றவர்கள் பாடியை ஒரே கூடாகப் பற்றவைக்கும் முறைக்கு மாறிக்கொண்டிருக்க, ஸ்டாண்டர்டுக்காரர்கள் பாடியைத் துண்டு துண்டாகச் செய்து, தனிச் சேசிஸ் மேல் பூட்டினார்கள். உருவம் கொடுத்தவர் இத்தாலியின் ஜொவான்னி மிகெலோட்டி. 1959-ல் அந்தக் கார் ட்ரையம்ஃப் ஹெரால்டு என்ற பெயரில் வெளிவந்தது.

பாகங்களை இறக்கிப் பூட்டி விற்றால் மட்டும் போதாது, இங்கேயே தயாரிக்க வேண்டும் என்று நம் அரசு சொன்னதும் 1953-54-ல் ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் கிளம்பிவிட்டன. வண்டலூரில் இருந்த ஸ்டாண்டர்டின் இந்தியக் கம்பெனி தங்கியது. 1961-ல் அதே காரை ஸ்டாண்டர்டு ஹெரால்டாகக் கொண்டுவந்தது. பாகம் பாகமாக உள்ளூருக்கு மாற்றிக்கொள்ள இதைவிடத் தோதான கார் அன்று கிடைத்திருக்காது என்பேன். இங்கிலாந்தில் இல்லாத நான்கு கதவு ஹெரால்டையே இங்கு செய்தார்கள். 1972-ல் வந்த கெஸலில், லோடு ஏற்றினால் சக்கரம் விரிந்துகொள்ளும் பழைய பின் அச்சையும் மாற்றினார்கள்.

பூட்டுவதில்தான் கைத்திறன். ஒரு போல்ட்டை முதலிலேயே முழுக்க முடுக்கிவிட்டால் கதவு ஒழுங்காக மூடாது. எல்லாவற்றையும் தளர்வாகப் போட்டு, கதவைச் சாத்திப் பார்த்து, மேலும் கீழும் சந்து ஒரே அளவாக வரும்வரை பாடிக்கும் சேசிஸுக்கும் நடுவே மெல்லிய தகடு செருகி, அதன் பிறகே முடுக்க வேண்டும். இரண்டு பாதிகளும் சேரும் இடத்தில் ரப்பர் சரியாக உட்காராவிட்டால் முதல் மழையிலேயே கால் நனையும்.

1985-ல் வந்த ஸ்டாண்டர்டு 2000-க்கு ரோவரின் ஒரே கூடான பாடி. எஞ்சினோ ஸ்டாண்டர்டின் பழைய வேன்கார்டு காரின் வழி வந்தது. கார் சந்தையில் ஓடவில்லை, சில வருடங்களில் ஆலையும் மூடியது. அந்தக் காருக்கு இன்று ஒரு கதவு கிடைப்பதே குதிரைக்கொம்பு. ஹெரால்டின் சேசிஸில் பாடியைத் தாங்கும் பக்கவாட்டுக் கைகள் துருப்பிடித்து உதிர்ந்தால், தகட்டை வளைத்துப் பட்டறையிலேயே செய்துகொள்கிறோம்.