துத்தநாகம் நுழையும் வாசல்

உதய்ப்பூரில் பிழைக்க வந்தவன் காதில் துத்தநாகம் என்ற சொல் விழாமல் இருக்காது. பக்கத்து ஜாவரில் பல நூறு வருடங்களுக்கு முன்பே அதைக் காய்ச்சி வடித்திருக்கிறார்கள். அந்தக் கதையைப் பலரும் எழுதிவிட்டார்கள். நான் சொல்ல வந்தது, அதே துத்தநாகம் நம் குடலுக்குள் நுழையும் வாசலைப் பற்றி.

1942ல் டான்போல்ட், கிளாஸ் என்ற இரண்டு நார்வே மருத்துவர்கள் ஒரு நோயை விவரித்தார்கள். தாய்ப்பாலை நிறுத்திய சில வாரங்களில் குழந்தையின் வாயைச் சுற்றி, ஆசனவாயைச் சுற்றி, கைகால் விரல்களில் எல்லாம் புண். கூடவே வயிற்றுப்போக்கு, முடி கொட்டுதல். பல குழந்தைகள் பிழைக்கவில்லை. 'அக்ரோடெர்மடைட்டிஸ் என்டரோபதிகா' என்று நீளமாகப் பெயர் வைத்தார்கள். தாய்ப்பால் கொடுத்தால் தேறியது. ஏன் என்றுதான் தெரியவில்லை.

1953ல் அமெரிக்காவில் அமீபா பேதிக்கான டயோடோகுயின் மாத்திரையைக் கொடுத்துப் பார்த்தார்கள். கேட்டது! இருபது வருடம் அதுதான் மருந்து. ஆனால் சில குழந்தைகளுக்குப் பார்வை நரம்பு கெட்டது.

இதற்கிடையில், நம்மைப் போலவே ஊரை விட்டுப் போன ஒருவர். பீகாரின் பக்ஸாரில் பிறந்த டாக்டர் ஆனந்த பிரசாத். 1958ல் ஈரானின் ஷிராஸில் 21 வயது இளைஞன் ஒருவனைப் பார்த்தார். தோற்றமோ பத்து வயதுப் பையன். காரணம் துத்தநாகக் குறைவாக இருக்கலாம் என்று யோசித்தவர், 1963ல் எகிப்தில் இதே மாதிரி நோயாளிகளிடம் அதை நிறுவினார். மனிதனுக்குத் துத்தநாகம் குறையும் என்பதையே அதுவரை யாரும் பெரிதாக எண்ணவில்லை.

1973ல் லண்டனில் மொய்னஹன், பார்ன்ஸ் இருவரும் நார்வேக்காரர்கள் சொன்ன அதே நோய் கண்ட ஒரு குழந்தையின் ரத்தத்தில் துத்தநாகம் குறைந்திருப்பதைக் கண்டார்கள். துத்தநாக சல்பேட் கொடுத்ததும் புண் ஆறியது. தாய்ப்பாலில் உள்ள துத்தநாகம் குடலில் எளிதாகச் சேரும் என்பதும் பிறகு விளங்கியது.

2002ல் பிரான்சிலும் அமெரிக்காவிலும் இரண்டு குழுக்கள் தனித்தனியே மரபணுவைப் பிடித்தன. 8ம் குரோமோசோமில் இருக்கும் எஸ்எல்சி39ஏ4. சிறுகுடலில் துத்தநாகத்தை உள்ளே இழுக்கும் 'ஜிப்4' புரதம் இதிலிருந்துதான் வருகிறது. அப்பா வழி, அம்மா வழி இரண்டு பிரதியும் பழுதானால்தான் நோய்.

இங்கேதான் நம் வீட்டுக் கதை வருகிறது. அத்தை மகன், மாமன் மகள் கல்யாணம் நமக்குச் சகஜம். ஒரே பழுது இரண்டு பக்கமும் இருக்கும் வாய்ப்பு அதில் கூடும். பயப்பட வேண்டாம், ஐந்து லட்சத்தில் ஒருவருக்கு வரும் அரிய நோய்தான். ஆனால் பார்ப்பதற்குச் சாதாரணப் படை மாதிரி இருப்பதால் தவறிப்போகும். பெரியவர்கள் பக்கத்தில் இல்லாத ஊரில் கைக்குழந்தையோடு இருப்பவர்கள், பால் மறந்த பிறகு இப்படி ஆறாத புண் வந்தால், "துத்தநாகம் பார்க்கலாமா டாக்டர்?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். நீங்களாகவே மாத்திரை கொடுக்காதீர்கள். அளவு மிஞ்சினால் உடம்பில் தாமிரம் குறையும்.

உறுதியானால் வாழ்நாள் முழுக்கத் துத்தநாகம் சாப்பிட வேண்டும், அவ்வளவுதான். 1942லும் அது மலிவான உப்புதான். கொடுக்கத்தான் யாருக்கும் தெரியவில்லை.