தேசாதிபதியின் அதிகார வரம்பும் பிரேஸ்கேடில் வழக்கும்

குடியேற்ற நாட்டுத் தேசாதிபதி இருநிலை உடையவர். ஆளப்படும் நாட்டில் அவர் முடியரசரின் பிரதிநிதி. இலண்டனை நோக்குமிடத்துக் குடியேற்ற நாட்டு மந்திரியின் பணிப்புக்கு அடங்கிய உத்தியோகத்தர். அவரை நியமிப்பதும் திருப்பி அழைப்பதும் ஏகாதிபத்திய அரசாங்கத்தின் உரிமையாகும். அங்ஙனமாயின், அவர் வரம்பு கடந்தவிடத்து அவரைத் தடுக்க வல்லவர் நாட்டினுள் எவர்? இவ்வினாவுக்கு இலங்கை வரலாற்றில் 1937ஆம் ஆண்டு ஒரு விடை கிடைத்தது.

1931இல் நடைமுறைக்கு வந்த டொனமூர் அரசியற்றிட்டம் சர்வசன வாக்குரிமையை வழங்கியது. தெரிவு செய்யப்பட்டோர் 50 பேரும், நியமனம் பெற்றோர் 8 பேரும், அரச உத்தியோகத்தர் மூவரும் அரசாங்க சபையில் அமர்ந்தனர். சபை ஏழு நிருவாகக் குழுக்களாகப் பிரிந்தது. அவற்றின் தலைவர்கள் மந்திரிகளாயினர். எனினும் பாதுகாப்பு, வெளிவிவகாரம், நிதி, சட்டம் ஆகியன அம்மூன்று உத்தியோகத்தரிடமே விடப்பட்டன. சபை நிறைவேற்றிய மசோதாவுக்குச் சம்மதம் மறுக்கவும், அதனை முடியரசரின் விருப்பறியுமாறு ஒதுக்கிவைக்கவும், இன்றியமையாததெனத் தாம் கருதியதைச் சபையின் விருப்புக்கு மாறாகவும் சட்டமாக்கவும் தேசாதிபதி அதிகாரம் பெற்றிருந்தார். ஆட்சி பகிரப்பட்டதாயினும் அதன் திறவுகோல் அவரிடமே இருந்தது.

இந்நிலையில், மார்க் அந்தோனி பிரேஸ்கேடில் என்னும் இளைஞர் அவுஸ்திரேலியாவிலிருந்து 1936இல் இலங்கை வந்து, மடுல்கலைப் பகுதித் தேயிலைத் தோட்டமொன்றிற் பயிற்சி பெறலானார். தொழிலாளர்பாற் பரிவு காட்டியமையால் வேலையிழந்து, லங்கா சமசமாசக் கட்சியுடன் இணைந்தார். 1937 ஏப்பிரல் 3ஆந் திகதி நாவலப்பிட்டிக் கூட்டத்தில், தோட்டத் தொழிலாளர் முன்னிலையில், துரைமாரின் நடத்தையை வெளிப்படையாகக் கண்டித்தார். வெள்ளையர் ஒருவரே இவ்வாறு பேசியமை தோட்டத்துரைமார்க்குப் பெரும் அச்சத்தை விளைத்தது. தேசாதிபதி சேர் எட்வேட் ஸ்ரப்ஸ், 1896ஆம் ஆண்டுக் கோமறை மன்றக் கட்டளையின்கீழ், அவ்விளைஞர் 24ஆந் திகதி மாலை 6 மணிக்குமுன் நாட்டைவிட்டு நீங்க வேண்டுமெனப் பணித்தார். பிரேஸ்கேடில் பணியாது தலைமறைவானார்.

உள்நாட்டு விவகார மந்திரியின் ஆலோசனையின்றித் தேசாதிபதி இதனைச் செய்தார் என்பதே அரசாங்க சபையில் எழுந்த முறைப்பாடு. என். எம். பெரேராவும் பிலிப் குணவர்த்தனவும் கொணர்ந்த கண்டனப் பிரேரணை மே 5ஆந் திகதி 34 வாக்குகளுக்கு 7 என்ற கணக்கில் நிறைவேறியது. அன்றே காலிமுகத் திடலிற் கூடிய பெருந்திரள் முன் பிரேஸ்கேடிலும் தோன்றினார். ஆயினும் கண்டனம் கட்டளையை இரத்துச் செய்யவில்லை. சபைக்குத் தேசாதிபதியைக் குறைகூற உரிமை இருந்ததேயன்றி, அவரை மாற்றவோ, அவர் கட்டளையை மாற்றவோ வலிமை இருந்ததில்லை.

சிலநாளிற் பிரேஸ்கேடில் கைதாகவே, ஆட்கொணர் எழுத்தாணை கோரி வழக்குத் தொடரப்பட்டது. பிரசித்திபெற்ற நியாயவாதி எச். வீ. பெரேரா ஊதியமின்றி அவர்பொருட்டு வாதாடினார். பிரதம நீதியரசர் சேர் சிட்னி ஏபிரகாம்ஸ் தலைமையில் நீதியரசர் மூவர் விசாரித்து, மே 18ஆந் திகதி அவரை விடுதலை செய்தனர். நெருக்கடி நிலைக்கென அளிக்கப்பட்ட அதிகாரத்தை அமைதிக் காலத்திற் பிரயோகித்தல் தகாது. நெருக்கடி உண்டோ இல்லையோ என்பதை ஆராய நீதிமன்றுக்கு உரிமையுண்டு என்பதே தீர்ப்பின் சாரம்.

இங்கே கருதற்குரியது ஒன்றுண்டு. தீர்ப்பளித்தோரும் முடியரசரால் நியமனம் பெற்றோரே; அவர்கள் ஆதாரமாகக் கொண்டதும் ஏகாதிபத்திய அரசாங்கம் பிறப்பித்த கட்டளையின் வாசகமே. மக்கள் பிரதிநிதிகளின் பெரும்பான்மை செய்ய இயலாததை, அவ்வாசகத்தை உள்ளபடி வாசித்தமை செய்து முடித்தது. எனினும் நீதிமன்று காத்தது ஒரு மனிதரின் சுதந்திரத்தையேயன்றி நாட்டின் சுயாட்சியை அன்று. தேசாதிபதியின் விசேட அதிகாரங்கள் டொனமூர் அமைப்பின் இறுதிவரை நிலைத்திருந்தன.

1948இல் இலங்கை சுதந்திரம் பெற்றபோது தேசாதிபதி பதவி மறைந்தது. நெருக்கடிக்கென ஆக்கப்படும் அதிகாரம் நெருக்கடி நீங்கிய பின்னும் ஆள்வோர் கையில் தங்கிவிடும் இயல்பு அதனோடு மறையவில்லை. அவ்வதிகாரத்துக்கு எல்லை வகுக்க அஞ்சாத நீதிமன்று உள்ள நாட்டிலேயே குடிமகன் உரிமை ஏட்டளவில் நில்லாது வாழ்வில் நிலைபெறும்.