ஏரிக்கரை முதல் கோட்டாட்சியர் அலுவலகம் வரை: திண்டிவனம் வட்டார இருளர் நலவாழ்வின் வரலாறு

தமிழ்நாட்டில் பழங்குடியினர் முன்னின்று நடத்தும் மருத்துவப் பணி என்றால் ஆய்வாளர்கள் கூடலூரையும் சிட்டிலிங்கியையும்தான் சுட்டுவார்கள். கூடலூரில் 1990இல் தொடங்கிய 'அஸ்வினி' ஆதிவாசிப் பெண்களையே செவிலியராகப் பயிற்றுவித்து மருத்துவமனை நடத்துகிறது. சிட்டிலிங்கி மலைப் பள்ளத்தாக்கில் 1993 முதல் இதையொத்த முயற்சி நடந்துவருகிறது. திண்டிவனம், விழுப்புரம் பக்கத்து இருளர்களிடம் அப்படி ஒரு மருத்துவமனை உருவாகவில்லை. அதனாலேயே இவர்களின் நலவாழ்வுக்கு வரலாறே இல்லை என்பதுபோல் எழுதிவிடுகிறோம். அந்த வரலாறு வருவாய்த்துறைக் கோப்புகளுக்குள் கிடக்கிறது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

மருத்துவமனை ஏன் எழவில்லை என்பதற்கு 1906ஆம் ஆண்டுத் தென்னார்க்காடு மாவட்டக் கெசட்டியரே ஒரு விடை தருகிறது. செஞ்சி மலைகளை ஒட்டி வாழ்ந்த இருளர்கள் ஓரிடத்தில் இரண்டு மூன்று குடிசைகளுக்கு மேல் சேர்ந்திருப்பதில்லை என்கிறது அது. அதில் தொனிக்கும் காலனிய இளக்காரத்தைத் தள்ளிவிட்டுப் பார்த்தால், இன்றும் பொருந்தும் செய்தி அது. ஏரிக்கரை, வாய்க்கால் புறம்போக்கு, ஊருக்கு வெளியே ஒரு மேடு என்று சிதறிக் கிடப்பவர்களுக்கு நடுவில் ஆஸ்பத்திரியை எங்கே கட்டுவது?

மருத்துவ அறிவுக்கு இவர்களிடம் பஞ்சமில்லை. வேர், பட்டை, இலை அறிந்து சுற்றுவட்டார ஊர்களுக்கெல்லாம் பச்சிலை கொடுத்தவர்கள்; பாம்பு பிடிக்கவும் அறிந்தவர்கள். அந்த அறிவு நிறுவன வடிவம் பெற்றது வடக்கே, செங்கல்பட்டுப் பக்கம். 1972இல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1976இல் பாம்புத்தோல் ஏற்றுமதியும் நின்றது. தோலுக்காகப் பாம்பு பிடித்தவர்களின் பிழைப்பு போனது. பாம்பு ஆய்வாளர் ரோமுலஸ் விட்டேக்கரின் முயற்சியோடு 1978இல் இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற்கூட்டுறவுச் சங்கம் பதிவானது. மாமல்லபுரம் அருகே வடநெம்மேலியில் நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகியவற்றை மண்பானையில் இட்டு, வாயைத் துணியால் கட்டி வைக்கிறார்கள். சில வாரங்களில் நான்கு முறை நஞ்செடுத்து, வயிற்றுச் செதிலில் அடையாளம் வெட்டிக் காட்டில் விடுகிறார்கள். நாட்டின் நச்சுமுறி மருந்துக்கான நஞ்சில் பெரும்பகுதி நெடுங்காலமாக அந்தப் பானைகளிலிருந்து வந்தது. 1986இல் தண்டரையில் இருளர் பழங்குடிப் பெண்கள் நலச் சங்கம் மூலிகை வளர்ப்பையும் மருந்து தயாரிப்பையும் கையிலெடுத்தது. பாம்பு பிடிக்கும் இருளர்களான வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் 2023இல் பத்மஸ்ரீ கிடைத்தது.

இந்தியாவில் 2000 முதல் 2019 வரை ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் பாம்புக்கடியால் இறந்ததாக ஓர் ஆய்வு மதிப்பிட்டது. அந்தக் கடிக்கான மருந்தின் தொடக்கத்தில் நிற்கும் சமூகத்துக்கு மருத்துவமனை வாசல் எளிதாகத் திறந்ததா?

தோல் வணிகம் நின்ற அதே 1976இல்தான் கொத்தடிமை ஒழிப்புச் சட்டமும் வந்தது. ஆனால் முன்பணம் வாங்கிய இருளர் குடும்பங்கள் அரிசி ஆலையிலும் செங்கல் சூளையிலும் கரும்பு வெட்டிலும் அதற்குப் பிறகும் சிக்கிக் கிடந்தன. காய்ச்சல் கண்ட பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடவும் முதலாளியிடம் கேட்க வேண்டிய நிலையில், பக்கத்தில் ஆரம்ப சுகாதார நிலையம் இருந்தென்ன, இல்லாமலென்ன?

இங்கேதான் திண்டிவனம் தனி வழியில் போகிறது. அரசுக் கல்லூரி இயற்பியல் பேராசிரியராக இருந்த பிரபா கல்விமணி, திண்டிவனம் ரோசணையில் தாய்த்தமிழ்ப் பள்ளியைக் கட்டியெழுப்பியவர்களில் ஒருவர். 1993இல் அத்தியூரில் இருளர் பெண் ஒருவர் மீது காவலர்கள் நடத்திய வன்கொடுமைக்கு எதிரான வழக்கில் அவரும் தோழர்களும் இறங்கினார்கள். அந்தப் போராட்டத்தின் தொடர்ச்சியாகவே பழங்குடி இருளர் பாதுகாப்புச் சங்கம் உருவானது. சங்கம் ஏந்தியது மனுக்களை: சாதிச் சான்று, மனைப்பட்டா, குடும்ப அட்டை, கொத்தடிமை மீட்பு, பொய்வழக்கு.

இவற்றில் சாதிச் சான்றுதான் சிடுக்கு. 1989 முதல் பழங்குடிச் சான்று வழங்கும் அதிகாரம் வட்டாட்சியரிடமிருந்து கோட்டாட்சியர் நிலைக்குப் போனது. போலிச் சான்றைத் தடுக்கத்தான் இந்த ஏற்பாடு. அடிபட்டவர்களோ உண்மையான பழங்குடியினர். அப்பன் பாட்டன் பெயரில் காகிதம் எதுவும் இல்லாத குடும்பம், தான் இருளர் என்று எதைக் காட்டி நிறுவும்? சான்று இல்லாவிட்டால் பழங்குடியினருக்கான விடுதி, உதவித்தொகை, வீட்டுத் திட்டம் எதுவும் கிடைக்காது. குடும்ப அட்டை இல்லாவிட்டால் ரேஷன் அரிசியும் முதலமைச்சர் காப்பீடும் இல்லை. பட்டா இல்லாத ஏரிக்கரைக் குடிசையில் மழைக்காலம் முழுக்க ஈரத்தரைதான் படுக்கை. பாம்பும் அங்கேதான் வரும். பட்டா கேட்கும் மனுவை நோய்த்தடுப்பு நடவடிக்கையாகவே நான் வாசிக்கிறேன். இது மிகை என்று பொதுச் சுகாதாரத் துறையினர் சொல்லக்கூடும். கூரையும் குடிநீரும் சுகாதாரத்துக்கு அடிப்படை என்று அவர்களே பாடம் நடத்துகிறார்களே!

2010இல் விழுப்புரம் அருகே முண்டியம்பாக்கத்தில் அரசு மருத்துவக் கல்லூரி வந்தது. 2021இல் மாநில அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் தொடங்கியது. 2023 நவம்பரில் ஒன்றிய அரசு அறிவித்த பிரதமர் ஜன்மன் திட்டம், இருளர் உள்ளிட்ட மிகவும் நலிவுற்ற பழங்குடிகளுக்கு நடமாடும் மருத்துவ ஊர்தியையும் உறுதியளிக்கிறது. ஆனால் ஊர்தி எங்கே நிற்க வேண்டும் என்பதற்குக் குடியிருப்புப் பட்டியல் வேண்டும். நாலு வீடு மட்டும் உள்ள ஏரிக்கரை அந்தப் பட்டியலில் ஏறுவது, யாரோ ஒருவர் ஏற்கெனவே மனு எழுதி வைத்திருப்பதைப் பொறுத்தது. கோட்டாட்சியர் அலுவலகத்திலும் ஆட்சியர் குறைதீர் நாளிலும் இருளர்கள் கொடுத்த அந்த மனுக்களை ஆண்டுவாரியாகத் தொகுத்து, அதே ஊர்களின் தாய்சேய் நலப் பதிவேடுகளோடு ஒப்பிட்டுப் பார்க்கும் ஆய்வுதான் இனி நடக்க வேண்டியது.