இராயப்பரும் ஆங்கில இலக்கணமும்

இராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் என நீளும் நம் கடற்கரையில், ஞாயிறு மறைக்கல்விக்கு வரும் பிள்ளைகளுள் பலர் ஆங்கிலவழியில் பயில்வோர். பெயர்ச்சொல் பொதுப்பெயர், சிறப்புப்பெயர் எனப் பிரியும் என்பதையும், பெயருக்குப் பதிலாய் வருவது பிரதிப்பெயர் என்பதையும் அவர்கள் மூச்சுவிடாமல் ஒப்புவிப்பர். அவ்விலக்கணத்தைப் பழிப்பது என் நோக்கமன்று. ஆயினும் இவ்விரு பாடங்களும் நம் விசுவாச வரலாற்றில் பட்ட பாட்டை அவர்களுக்கு எவரும் சொல்வதில்லை. அதனைச் சொல்லத் தொடங்குவதற்கு இராயபுரமே தக்க இடம்.

சிறப்புப்பெயரை மொழிபெயர்க்கலாகாது, ஒலியை மட்டுமே பெயர்த்தெழுத வேண்டும் என்பது இன்று நமக்குப் பழகிப்போன எண்ணம். நற்செய்தியாளர் யோவான் அவ்வாறு எண்ணவில்லை. சீமோனுக்கு இயேசு இட்ட 'கேபா' என்னும் அரமேயப் பெயரை எழுதியவர், அதனைக் கிரேக்கத்தில் 'பேதுரு' என மொழிபெயர்த்தும் காட்டுகிறார் (யோவா 1:42). இரண்டுக்கும் பொருள் பாறையே. 'பீட்டர்' எனும்போது ஆங்கிலேயர் செவியில் பாறை ஒலிப்பதில்லை. 'பியேர்' என்னும் பிரெஞ்சுக்காரருக்கோ அது கல்லேதான். நம் முன்னோரும் பொருளையே பற்றினர். தெலுங்கில் 'ராயி' என்றால் கல். அதிலிருந்தே இராயப்பர் என்னும் பெயர் எழுந்தது என்பர். 'பவுலுஸ்' இலத்தீனில் சிறியவர். ஆகவே அவர் சின்னப்பர். கடவுளின் அருளைச் சொல்லும் எபிரேயப் பெயருடைய யோவான், அருளப்பர். 1995-இல் வெளிவந்த திருவிவிலியப் பொது மொழிபெயர்ப்பில் இவர்கள் பேதுரு, பவுல், யோவான் ஆயினர். பிற சபைச் சகோதரரோடு ஒரே நூலை வாசிக்க இது வேண்டியிருந்தது, மறுப்பதற்கில்லை. எனினும், புனித இராயப்பர் ஆலயத்தைச் சுற்றி வாழும் ஒரு சிறுவன், தன் ஊரின் பெயரில் திருத்தூதர் ஒருவர் குடியிருப்பதை அறியாமலே வளர்ந்துவிடக்கூடும் என்பது வருத்தத்துக்குரியது.

சிறப்புப்பெயரில் இழந்தது ஒரு பொருள் நயம் என்றால், பிரதிப்பெயரில் நேர்வது அதனினும் பெரிது. தமிழ் இலக்கணிகள் நான், நீ என்பவற்றைத் தனிச் சொல்வகையாக்கவில்லை. பெயர், வினை, இடை, உரி என்னும் நான்கனுள் பெயரிலேயே அடக்கினர். ஐரோப்பிய மறைபரப்பாளர் இங்கு வந்தபோது அவர்கள் கையில் இருந்ததோ இலத்தீன் இலக்கணச் சட்டகம். முத்துக்குளித்துறையில் உழைத்த அன்றிக் அடிகளார் 1549 அளவில் போர்த்துக்கீசிய மொழியில் தமிழுக்கு இலக்கணம் எழுதியபோதும், பெயர்ச்சொற்களை அச்சட்டகத்திலேயே அடுக்கினார். ஆனால் தன்மைப் பன்மை அதில் அடங்குவதாயில்லை. இலத்தீனுக்கு 'நோஸ்' என்னும் ஒரு சொல் போதும். ஆங்கிலத்துக்கு 'வீ' போதும். தமிழுக்கோ இரண்டு வேண்டும்: கேட்பவரையும் உளப்படுத்துவது 'நாம்', அவரை விலக்குவது 'நாங்கள்'. வீரமாமுனிவர் 1728-இல் இலத்தீனில் எழுதிய கொடுந்தமிழ் இலக்கணம் 1738-இல் தரங்கம்பாடியில் அச்சேறியது. 1856-இல் கால்டுவெல் தம் ஒப்பிலக்கணத்தில் இவ்விரட்டைப் பன்மையைத் திராவிட மொழிகளின் சிறப்பியல்புகளுள் ஒன்றாக விளக்கினார். (இராயபுரத்திலிருந்து தென்னிந்தியாவின் முதல் பயணிகள் இரயில் புறப்பட்டதும் அவ்வாண்டே.)

இது வெறும் இலக்கண நுட்பம் என எண்ண வேண்டா. உருமாற்ற மலையில் பேதுரு இயேசுவை நோக்கி, இங்கிருப்பது நல்லது என்கிறார். யார் இருப்பது? ஆண்டவரோடு கூடிய நாமா, கூடாரம் அமைக்கப்போகும் சீடர்களாகிய நாங்களா? கிரேக்கம் வாய்திறப்பதில்லை, ஆங்கிலமும் அவ்வாறே. தமிழ் மொழிபெயர்ப்பாளர் 'நாம்' என்று எழுதினர். தாம் சொல்வது இன்னதென அறியாமல் பேதுரு பேசினார் என்கிறார் லூக்கா. அறியாமல் சொன்னதை அறிந்து மொழிபெயர்க்கும் பொறுப்பு தமிழனுக்கு!

இதனினும் கடினமானது கடலில் எழுந்த புயல் (மாற் 4:38). படகில் நீர் நிரம்புகிறது; இயேசு தலையணைமேல் தலைவைத்து உறங்குகிறார். அழிந்துபோகிறோம், உமக்குக் கவலையில்லையா என்று அவரை எழுப்புகின்றனர். வினைமுற்றின் 'ஓம்' விகுதியோடு நிறுத்தி, பெயரை எழுதாமலே மொழிபெயர்ப்பாளர் தப்பித்துக்கொள்ளலாம். பழைய விவிலியச் சங்க மொழிபெயர்ப்பு அவ்வாறு தப்பவில்லை. 'நாங்கள்' என்றே எழுதிற்று. அதற்கும் நியாயம் உண்டு. காற்றுக்கும் கடலுக்கும் ஆண்டவரானவர் எப்படி மூழ்குவார்? அவர் காப்பவர், அழிபவர் சீடரே. 'நாங்கள்' என்பதே இறையியலுக்கு இசைவானது எனலாம்.

ஆனால் காசிமேட்டிலிருந்து கடலுக்குச் செல்வோர் இவ்வரியை வேறுவிதமாகக் கேட்பர். படகு கவிழ்ந்தால் உறங்குபவரும் விழித்திருப்பவரும் ஒரே நீரில்தான். அணியத்தில் நிற்பவன் பின்னணியத்தில் படுத்திருப்பவனை எழுப்ப 'நாங்கள் சாகப்போகிறோம்' என்று கூவினால், அக்கூவலில் அச்சத்தைவிடக் கசப்பே மிகுதி: நீர் எங்களோடு இல்லை என்னும் குற்றச்சாட்டு அது. சீடர் அக்குற்றச்சாட்டோடு பேசினரா, அல்லது படகில் உள்ள எல்லாரையும் எண்ணிப் பதறினரா? மனிதரான இறைமகன் உண்மையாகவே களைத்து உறங்கினார் என்று நம்பும் நாம், அவரையும் உளப்படுத்தி 'நாம்' என்று வாசிப்பது தகாததா?

'வீ' என்று எழுதி முடிக்கும் பிள்ளைக்கு இக்கேள்வி எழ வாய்ப்பில்லை. தமிழில் வாசிக்கும் பிள்ளையிடம் இதனைக் கேட்டுப் பார்க்கலாம். விடையைத் தேர்வுத்தாளுக்கு வெளியே எழுதச் சொல்லுங்கள்.