ஜேம்ஸ் பிளாண்ட் பாடல்களின் தொடக்ககால ஒலிப்பதிவுகள்

அமெரிக்கக் கறுப்பினப் பாடலாசிரியர் ஜேம்ஸ் ஏ. பிளாண்ட் (1854–1911) மின்ஸ்ட்ரல் மேடைக்கு எழுதிய பாடல்கள், பெரும்பாலும் அவர் மறைவுக்குப் பிறகே இசைத்தட்டில் பெரும்புகழ் பெற்றன. வெள்ளையர்கள் முகத்தில் கரி பூசிக்கொண்டு கறுப்பினத்தவரைப் பகடி செய்த கேளிக்கையே மின்ஸ்ட்ரல். உள்நாட்டுப் போருக்குப் பின் கறுப்பினக் கலைஞர்களும் பிழைப்புக்கு அதே மேடையை நாடினர். நியூயார்க்கின் ஃபிளஷிங்கில் பிறந்த பிளாண்ட் அவர்களுள் ஒருவர். 1881இல் ஒரு மின்ஸ்ட்ரல் குழுவோடு இங்கிலாந்து சென்று அங்கும் பெயர் வாங்கினார்.

அவரது 'கேரி மீ பேக் டு ஓல்ட் வர்ஜீனி' (1878), முன்னாள் அடிமை ஒருவர் பழைய தோட்டத்தையும் எஜமானையும் நினைத்து ஏங்கும் பாடல். எழுதியவரோ ஒருநாளும் அடிமையாக இருந்தவரல்ல. அவருடைய தந்தை பட்டதாரி, காப்புரிமை அலுவலகத்தில் வேலை பார்த்தவர். இப்பாடலை ருமேனியாவில் பிறந்த ஆப்பரா பாடகி ஆல்மா குளக் 1914இல் விக்டர் நிறுவனத்துக்குப் பாடினார். மைக்ரோஃபோன் வராத காலம். ஊதுகுழல் போன்ற கூம்பின் முன் நின்று பாட வேண்டும். பின்னணியில் ஆண்கள் குழு சேர்ந்து பாடுகிறது. 12 அங்குலத் தட்டு, ஒரு பக்கம் மட்டுமே பாட்டு. 'ரெட் சீல்' என்ற உயர்தர வரிசையில் 74420ஆம் எண்ணில் வெளிவந்த இத்தட்டு பத்து லட்சம் பிரதிகள் விற்றதாகச் சொல்வார்கள்.

இந்த விற்பனையில் பிளாண்டின் பாட்டுக்கு உரிமத்தொகை கிடையாது. ஒலிப்பதிவுக்குப் பிரதிக்கு 2 சென்ட் தரச் சொன்ன 1909ஆம் ஆண்டுச் சட்டம், தான் நடைமுறைக்கு வந்தபின் வெளியான பாடல்களுக்கு மட்டுமே பொருந்தியது. அவர் பாடல்கள் அதற்கு முப்பது ஆண்டு முந்தியவை. எவரும் இலவசமாகப் பதியலாம், பதிந்தார்கள்.

மைக்ரோஃபோன் கொண்டு செய்யும் மின்முறைப் பதிவு வந்ததும் அவர் பாடல்கள் நாட்டுப்புறக் குழுக்களின் கைக்கு மாறின. பிளாண்டின் பெயரில் வழங்கும் 'ஹேண்ட் மீ டவுன் மை வாக்கிங் கேன்' பாடலை ஜார்ஜியாவின் ஸ்கில்லட் லிக்கர்ஸ் குழு 1926இல் கொலம்பியா இசைத்தட்டு நிறுவனத்துக்குப் பிடிலும் கிட்டாருமாகப் பதிந்தது. ஆப்பரா மெருகு துளியும் இல்லாத பதிவு. கேட்க இதுவே உயிரோட்டமானது. 1937இல் லூயி ஆம்ஸ்ட்ராங், மில்ஸ் பிரதர்ஸ் பாடகர் குழுவுடன் சேர்ந்து வர்ஜீனியா பாடலை ஜாஸாக்கினார்.

1940இல் அதுவே வர்ஜீனியாவின் மாநிலப் பாடலானது. அதன் சொற்கள் கறுப்பின மக்களை இழிவுபடுத்துவதாக நெடுங்காலம் எழுந்த எதிர்ப்புக்குப் பின், 1997இல் 'ஓய்வுபெற்ற மாநிலப் பாடல்' என்ற நிலைக்கு மாற்றப்பட்டது.